அத்தான் சொல்லாத நன்றி

அத்தியாயம் 14

போன வாரம் அக்காவை ஃபிரிட்ஜுக்கு எதிரே நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், ஏழு நாளாகக் கால் கடுக்க நிற்கிறாள். உட்காரச் சொல்லலாம் என்றால் இன்று அவளுக்கு அதற்கும் நேரமில்லை. இன்று வெள்ளிக்கிழமை. மாலை நாலு மணிக்குக் கூட்டம்.

ஃபிரிட்ஜ் கதவில் அவள் பார்த்துக்கொண்டு நின்றது ஒரு காகிதத்தை. "சாப்பாட்டு மேசையில் தோப்பைப் பற்றிப் பேசக் கூடாது." கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று அவள் கணவருடையது. இன்னொன்று அவள் தம்பியுடையது. தம்பி வாய்க்கு வாய் அத்தான் என்று கூப்பிடுவதால் நாமும் அவரை அப்படியே அழைத்துப் பழகிவிட்டோம்.

தோப்பு என்றதும் மரத்தைத் தேட வேண்டாம். லினக்ஸ் மென்பொருள்களைத் திரட்டி, சோதித்து, ஒரே கட்டாகக் கட்டி, யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியில் இலவசமாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கொடுக்கும் கூட்டு முயற்சி அது. முதலாளி கிடையாது, சம்பளம் கிடையாது. முந்நூறு பேர் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, சோறு போடும் வேலை முடிந்த பிறகு இந்த வேலையைப் பார்க்கிறார்கள். தனி மரம் தோப்பாகாது என்று சொல்லிப் பெயர் வைத்தவர் அத்தான். பிழைப்புக்கு லிஃப்ட் பழுது பார்ப்பவர். தோப்பிலும் அவரை லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

தம்பி மாடியில் குடியிருக்கிறான். பஸ் கம்பெனியில் நேர அட்டவணை போடுகிறவன். தோப்பின் புதுப் பதிப்பு எப்போது வர வேண்டும், அதற்குள் யார் எதை முடிக்க வேண்டும் என்று கணக்குப் பார்ப்பது அவன் பொறுப்பு. அங்கே அவன் பெயர் மணிக்கூண்டு.

நாலு வருடத்துக்கு முன்னால் இந்த இரண்டு பேரும் இதே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே ஒரு பெரிய முடிவை எடுத்து, மறுநாள் காலையில் அறிவித்தார்கள். "எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்று நாற்பது பேர் எழுந்து போய்விட்டார்கள். சூடு கண்ட பூனைகள் இரண்டும் அன்றைக்கே விதி எழுதின. குறிக்கோள் எதுவானாலும் எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயர் வேண்டும். பொறுப்பாளர் வாரா வாரம் அறிக்கை தர வேண்டும். பேச்சு எல்லாம் முற்றத்தில்தான். முற்றம் என்பது யார் வேண்டுமானாலும் வந்து படிக்கக்கூடிய அவர்களுடைய எழுத்து அரட்டை அறை. ஒருவருக்காக இன்னொருவர் பேசவே கூடாது.

அருமையான விதிகள். ஊரெல்லாம் மெச்சியது. அந்த விதிகளுக்குள் இந்த வீடு மட்டும் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

ஏனென்றால், போன வாரம் நமக்குத் தெரிந்தது தம்பிக்கு இன்னும் தெரியாது. அத்தானுக்குப் பார்வையின் நடுப்பகுதி மறைந்துவிட்டது. ஓரம் தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. கதவு தெரியும், கதவில் நிற்கிறவர் முகம் தெரியாது. போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதமாகிறது. வேலைக்கு முதுகு வலி என்று லீவு சொல்லியாயிற்று. "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. முக்கியமா உன் தம்பிகிட்ட" என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியாயிற்று. தோப்பில் 'பழைய கணினிகள்' என்ற குறிக்கோளுக்கு, அதாவது புதுப் பதிப்பைப் பழைய இயந்திரங்களிலும் ஓட வைக்கும் வேலைக்கு, எதிரே மட்டும் லிஃப்ட்காரர் என்ற பெயர் அப்படியே இருக்கிறது.

அந்த அறிக்கைகளை எழுதுவது யார் என்பதும் நமக்குத் தெரியும். முதல் இரண்டு வாரம் அவர் சொல்ல அக்கா தட்டினாள். மூன்றாவது வாரம் அவர், "நடந்துகிட்டிருக்குன்னு ஏதாவது போடு. அடுத்த வாரம் நானே புடிச்சிருவேன்" என்றார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

* * *

தம்பி தினமும் காலை ஏழு பத்துக்கு டீ குடிக்கக் கீழே வருவான். இன்று ஏழு நாலுக்கே வந்து நின்றான். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"என்னடா, சீக்கிரம் வந்துட்ட?"

"உன் கடிகாரம் மெதுவா ஓடுது."

அத்தான் அறையிலிருந்து வந்தார். ஒரு கை சுவரை ஒட்டியே வந்தது. தூசி இருக்கிறதா என்று பார்க்கிற வீட்டுக்காரர் மாதிரி அதை இயல்பாகச் செய்யப் பழகிவிட்டார். நாற்காலியின் முதுகைத் தொட்டு, இழுத்து, உட்கார்ந்தார்.

"வாங்க மாப்பிள்ளை."

"அத்தான், முதுகு எப்படி இருக்கு?"

"முதுகுக்கு என்ன?"

அக்காவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. "ஏங்க, நேத்துகூட வலி தாங்கலைன்னு சொன்னீங்களே."

"ஆமாமா. வலிதான். உயிர் போவுது." அத்தான் அவசரமாக முதுகின் இடது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார். போன வாரம் பிடித்தது வலது பக்கம்.

தம்பி அதைக் கவனித்தான். இன்று அவன் எல்லாவற்றையும் கவனிக்கிற மனநிலையில்தான் இருந்தான். விடிந்ததும் கூட்டத்துக்கான பட்டியலைத் தயார் செய்ய உட்கார்ந்தவன், பழைய கணினிகள் என்ற வரியில் வந்து நின்றுவிட்டான். பதினோரு வாரமாக அறிக்கை தவறாமல் வந்திருக்கிறது. ஆனால் செய்து முடித்த வேலை என்று ஒன்றுகூடத் தோப்புக்குள் வந்து சேரவில்லை. வாரா வாரம் அறிக்கையைப் படித்துத் தலையாட்டியவன் அவன்தான். உள்ளே போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அத்தானைப் போய்ச் சந்தேகப்படுவார்களா?

கேட்டுவிடலாம். இரண்டடி தூரத்தில் அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"அத்தான், இன்னிக்கு நாலு மணிக்கு..." என்று ஆரம்பித்தான். கண் தானாக ஃபிரிட்ஜ் கதவுக்குப் போனது. "...மழை வரும்போல இருக்கு."

"நாலு மணிக்கா? அவ்வளவு கரெக்டாவா?"

"அப்படித்தான் தோணுது."

"வரட்டும். நான் எங்க போகப் போறேன், இங்கதானே இருப்பேன்" என்றார் அத்தான்.

டீ ஊற்றுவதற்காகக் கிளாஸின் விளிம்புக்குள் ஒரு விரலை விட்டுக்கொண்டார். விரலில் சூடு பட்டதும் நிறுத்தினார். சூடு பார்க்கிறார் என்று தம்பி நினைத்துக்கொண்டான். அக்கா அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

மூன்று பேரும் ஒருவரையொருவர் உயிராக நினைக்கிறவர்கள். மேசையில் டீ ஆறியது.

* * *

மதியம் ஒரு மணி. அக்கா வேலை பார்க்கும் நூலகத்தில் ஜன்னலோரமாக ஒன்பது கணினிகள். எல்லாம் வேறு எங்கோ வேண்டாம் என்று தள்ளியவை. ஒவ்வொன்றையும் அத்தான் தன் கையால் திறந்து, துடைத்து, தோப்பை ஏற்றிக் கொடுத்தார். ஆறு வருடமாக ஓடுகின்றன. மூன்றாம் நம்பரில் ஒரு பெண்மணி ஒற்றை விரலால் வேலைக்கு விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தாள். புதுக் கணினி கேட்டு மேலிடத்துக்கு அக்கா மூன்று தடவை எழுதிவிட்டாள். மேலிடம் ஒவ்வொரு தடவையும் கடிதம் கிடைத்தது என்று பதில் போட்டது.

புத்தக அலமாரிகளுக்கு நடுவே தம்பி வந்து நின்றான். அரை நாள் லீவு போட்டிருக்கிறான்.

"அக்கா, தோப்பு பத்திப் பேச வரல."

"சரி."

"இது குடும்ப விஷயம்."

"சொல்லு."

"அத்தான் எப்பலேர்ந்து நன்றி சொல்லக் கத்துக்கிட்டாரு?"

அக்காவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது.

லிஃப்ட்காரரின் எழுத்து தோப்பில் பிரசித்தம். ஒருவர் பாடுபட்டு ஒரு திருத்தம் அனுப்பினால் "சரி" என்று பதில் வரும். அசத்திவிட்டார் என்றால் "பரவாயில்லை" வரும். சொதப்பினால் "தப்பு". வாழ்நாளில் நாலாவது சொல்லை அவர் செலவு செய்ததில்லை. அக்காவோ நாள் முழுக்க "நூலை உரிய நேரத்தில் திருப்பித் தந்தமைக்கு நன்றி" என்று எழுதிப் பழகிய கை. அத்தானின் பழைய அறிக்கைகளைப் பார்த்து, தொழில் வார்த்தைகளை அப்படி இப்படி மாற்றிப் போட அவளால் முடிந்தது. ஆனால் ஒரு கடிதத்தை நன்றி இல்லாமல் முடிக்க அவளால் முடியவில்லை. பதினோரு வாரமும் "பொறுமைக்கு நன்றி", "அனைவருக்கும் நன்றி", ஒரு தடவை "சிரமத்துக்கு மன்னிக்கவும்" வேறு. லிஃப்ட்காரர் கனிந்துவிட்டார் என்று தோப்பே கொண்டாடிக்கொண்டிருந்தது.

"மனுஷன் மாறக் கூடாதாடா?" என்றாள் அக்கா.

"அவருக்கு ஆபரேஷன் ஆனப்போ நான் ரத்தம் குடுத்தேன். அதுக்கே 'ம்'னுதான் சொன்னாரு. முன்ன பின்ன தெரியாதவங்களுக்கு நன்றி சொல்வாரா? நீதானே எழுதற?"

அக்கா கையிலிருந்த புத்தகத்தை அலமாரியில் வைத்தாள். தப்பான வரிசையில் வைத்தாள்.

"ஏன்க்கா? அவருக்கு அலுத்துப் போச்சா? அதை மறைக்க உன்னைய எழுதச் சொல்றாரா?"

"அப்படி இல்லடா."

"அப்ப எப்படி?"

"என்னைக் கேக்காத. கை எடுத்துக் கும்பிடறேன், என்னைக் கேக்காத."

இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள். இந்தப் பக்கம் கட்டியவருக்குக் கொடுத்த வாக்கு, அந்தப் பக்கம் தூக்கி வளர்த்த தம்பி. நடுவில் நின்று அவளால் மூக்கை உறிஞ்ச மட்டும்தான் முடிந்தது.

தம்பியின் கோபம் கொஞ்சம் இறங்கியது. அக்கா அழுதால் சின்ன வயசிலிருந்தே அவனுக்குக் கை கால் ஓடாது.

"இன்னிக்கு அஞ்சு மணிக்குப் பட்டியலை மூடறோம்க்கா. அவர் பேரு அங்க இருந்தா, பழைய மெஷின் வேலையெல்லாம் முடிஞ்சிரும்னு நம்பிப் புதுப் பதிப்பு போகும். மூணு வாரத்துல எல்லாப் பழைய மெஷினும் அதைத் தானாவே ஏத்திக்கும். ஏத்திக்கிட்டு அணைச்சா மறுபடி எழுந்திருக்காது. ஆயிரக்கணக்குல இருக்கு. இதோ உன் ஒம்பதும்தான்."

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். மூன்றாம் நம்பர் பெண்மணி தன் பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் பேரை எடுத்துட்டா?"

"வேற யாராவது முன்வந்தா நல்லது. வரலைன்னா பழைய மெஷினுக்குப் புதுப் பதிப்பு கிடையாது. ஆனா இருக்கறதாவது கெடாம இருக்கும்."

"அப்ப நீயே எடுத்துடேன்."

"ஒருத்தர் பேரை அவர்தான் எடுக்கணும். நான் எழுதுன விதி."

"வீட்டுல வச்சுத் தனியாக் கேளேன்டா."

"தனியாப் பேசித்தானே நாப்பது பேரு போனாங்க? நானே விதியைப் போட்டுட்டு, என் அத்தான்னதும் நானே மீறுனா ஊரு சிரிக்காது?" அவன் தலையைப் பிடித்துக்கொண்டான். "பாரு, இப்பவே பேசிட்டேன். தோப்பு பத்திப் பேச மாட்டேன்னுதானே வந்தேன்."

"ஒரு வாரம் தள்ளிப் போடு."

"பதினோரு வாரம் தள்ளிப் போட்டாச்சு. நாலு மணிக்கு முற்றத்துல எல்லார் முன்னாடியும் கேட்டே ஆகணும். எனக்கு மட்டும் ஆசையாக்கா?"

அவன் போன பிறகு, தப்பாக வைத்த புத்தகத்தை எடுத்து அக்கா சரியான இடத்தில் வைத்தாள். அவள் கைப்பையில் டாக்டர் கொடுத்த ஒரு அட்டை இருந்தது. கணினி படித்துச் சொல்ல, அதைக் காதால் கேட்டே வேலை செய்யப் பழக்கும் ஒரு பயிற்சி நிலையத்தின் முகவரி. மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் அதை நீட்டியபோது அத்தான் தொடக்கூட இல்லை.

"அது கண்ணு தெரியாதவங்களுக்கு" என்றார்.

* * *

பர்மிஷன் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. அத்தான் பின்னறையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். குளித்து, சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். எழுத்தால் மட்டுமே நடக்கிற கூட்டத்துக்கு இந்த மனுஷன் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று அவள் வாசலிலேயே நின்று பார்த்தாள்.

மேசையில் பழைய லிஃப்டிலிருந்து கழற்றிய பொத்தான் பலகை ஒன்று, காகிதம் பறக்காமல் இருக்க. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் தடவிப் படிக்கிற சின்னப் புள்ளிகள். ஆயிரம் லிஃப்டில் அவற்றை மாட்டியவர் அவர். அவர் விரல் அந்தப் புள்ளிகள் மேல் சும்மா ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? வா வா. இன்னிக்கு ஒண்ணு முடிச்சிட்டேன்." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். அந்தக் குரலை அவள் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. "நீ கிளம்பினதும் உக்காந்தேன். கை பழகின வேலைதானே? கண்ணு எதுக்கு? ரெண்டு பக்கம் அடிச்சிருக்கேன். படிச்சுப் பாரு, அனுப்பிடலாம்."

அக்கா குனிந்து பார்த்தாள்.

கீபோர்டு பழசு. விரலுக்கு இடம் காட்டும் மேடுகள் எப்போதோ தேய்ந்து போனவை. அவர் கை ஒரு எழுத்துக் கட்டை அளவு வலது பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கம் முழுக்க, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, ஒன்றுக்கும் உதவாத குப்பை.

"என்ன, சத்தத்தையே காணோம்? தப்பு இருக்கா?"

"இல்ல."

"எதுவுமே இல்லையா?"

"ஒண்ணு ரெண்டு இருக்கு. நான் பாத்துக்கறேன்."

"பாத்தியா! நான்தான் சொன்னேனே, அடுத்த வாரம் புடிச்சிருவேன்னு." அத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

கண்ணைத் துடைத்தால் சத்தம் கேட்காது என்பது ஒன்றுதான் அக்காவுக்கு அப்போது இருந்த வசதி.

* * *

நாலு மணிக்கு முற்றம் நிறைந்தது. தம்பி மாடியில் தன் அறையில் இருந்தான். தலைக்கு மேலே அவன் நாற்காலி நகர்வது கீழே கேட்டது. வரிசையாகக் குறிக்கோள்கள் வந்தன. "எழுத்துருக்கள்?" "ஆம், முடிப்பேன்." "அச்சுப்பொறிகள்?" "முடியாது, வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, வேறு ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள்." உடனே நாலு பேர் வாழ்த்துச் சொல்ல, ஒருவர் அச்சுப்பொறிகளை எடுத்துக்கொண்டார். எவ்வளவு சுலபமாக ஒருவர் முடியாது என்று சொல்லிவிட்டார் என்று அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானுக்காக எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்தாள்.

நாலு இருபத்தைந்துக்குக் கணினி 'டிங்' என்றது. தன் பெயரை யாராவது எழுதினால் அப்படி ஒலிக்கும்படி அத்தான்தான் வைத்திருந்தார்.

"நம்மதான். படி" என்றார்.

திரையில் மணிக்கூண்டு எழுதியிருந்தது இது: "பழைய கணினிகள். பொறுப்பாளர் லிஃப்ட்காரர். பதினோரு அறிக்கைகள் வந்திருக்கின்றன. வேலை எதுவும் வந்து சேரவில்லை. காரணத்தை அவரே எல்லோருக்கும் சொல்ல வேண்டும். குறிக்கோளை முடிக்க முடியுமா என்பதையும் சொல்ல வேண்டும்."

முந்நூறு பேர் அதைப் படித்துவிட்டார்கள். படிக்க வேண்டியவர் காத்துக்கொண்டிருந்தார்.

"வேலை எப்படிப் போவுதுன்னு கேக்கறான்" என்றாள் அக்கா.

"அவ்வளவுதானா? நல்லாப் போவுதுன்னு போடு. 'ஆம், முடிப்பேன்'னு போடு."

"என்னங்க..."

"என்ன?"

"முடியுமான்னு ஒரு தடவை யோசிச்சுக்கலாமா?"

"அதான் இன்னிக்கு ஒண்ணு முடிச்சேனே! நீயே பாத்தியே!" முகம் அவள் பக்கம் திரும்பியது. பார்வை அவள் தோளுக்குப் பக்கத்தில் எங்கோ நின்றது. "முடியாதுன்னு போட்டா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா முந்நூறு பேரும் ஐயோ பாவம்னு எழுதுவாங்க. அது மட்டும் எனக்கு வேண்டாம். எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு. போடு."

அவர் கை மேசையைத் தடவி அவள் கையைக் கண்டுபிடித்து ஒரு தட்டுத் தட்டியது.

அக்கா கீபோர்டை இழுத்துக்கொண்டாள். போடுவதற்கு ஒரே ஒரு வார்த்தை. போட்டுவிட்டால் இன்றைக்கு நிம்மதி. மூன்று வாரத்தில் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் படுத்துவிடும். லிஃப்ட்காரர் கெடுத்தார் என்று அத்தனை பேரும் சொல்வார்கள். போடாவிட்டால் இந்த மனுஷன் இனி தன்னை நம்பவே மாட்டார். மேலே நாற்காலி நகரவில்லை. அவனும் காத்திருக்கிறான்.

அவள் தட்ட ஆரம்பித்தாள்.

"இதை எழுதுவது லிஃப்ட்காரர் இல்லை. அவர் மனைவி. பதினோரு அறிக்கைகளையும் எழுதியது நான்தான்."

"ஒரு வார்த்தைக்கு இவ்வளவு தட்டா?" என்றார் அத்தான்.

"கொஞ்சம் மரியாதையா எழுதறேன்."

"உன் மரியாதையைக் கொண்டுபோய்..." என்று சிரித்தார்.

"அவருக்குப் பார்வை போய்விட்டது. வேலை செய்ய முடியவில்லை. சொல்லவும் முடியவில்லை. பழைய கணினிகளுக்கு வேறு ஒருவர் வேண்டும்." அதோடு முடிந்தது. ஆனால் அவள் கை நிற்கவில்லை. பழக்கதோஷம், கீழே "நன்றி" என்று அதுவாகவே அடித்தது.

அனுப்பினாள். முற்றத்தில் போட்டதை யாரும் அழிக்க முடியாது. அதுவும் ஒரு விதி.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேன்."

மேலே நாற்காலி விழுகிற சத்தம் கேட்டது. மாடிப்படியில் தடதடவென்று காலடி. கூட்டத்தின் நடுவில் மணிக்கூண்டு எழுந்துபோனது தோப்பில் இதுதான் முதல் தடவை. பழைய கணினிகளை எடுத்துக்கொள்ள இன்னும் யாரும் முன்வரவில்லை. ஐந்து மணிக்கு இருபத்தி ஐந்து நிமிடம் இருந்தது.

தம்பி கதவில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. சலவைச் சட்டையைப் பார்த்தான். பொத்தான் பலகையைப் பார்த்தான். திரையில் திறந்து கிடந்த இரண்டு பக்கக் குப்பையைப் பார்த்தான். காலையில் டீ கிளாஸுக்குள் போன விரல் அவனுக்கு இப்போதுதான் விளங்கியது.

"யாரு, மாப்பிள்ளையா?" அத்தான் திரும்பினார். தம்பிக்கு ஒரு அடி தள்ளியிருந்த கதவு நிலையைப் பார்த்து முகம் மலர்ந்தார். "கூட்டத்தை விட்டுட்டு வரலாமா? 'முடிப்பேன்'னு போட்டாச்சு, பாத்தீங்களா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். வேண்டாம் என்றா, சொல்லிவிடு என்றா என்று அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

எல்லாவற்றையும் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும் என்று விதி எழுதியவன், ஒரே ஒருவர் முன்னால் வாயைத் திறந்தான்.

"பாத்தேன் அத்தான்" என்றான்.

அப்போது கணினி 'டிங்' என்றது. இன்னொரு 'டிங்'. அப்புறம் மழை பிடித்துக்கொண்ட மாதிரி விடாமல் டிங் டிங் டிங்.

"என்ன இது? இத்தனை பேரு என் பேரை எழுதறாங்களா? என்னவாம்? படி."

அக்கா திரையைப் பார்த்தாள். எழுத்து கலங்கியது. இருந்தாலும் படிக்க முடிந்தது.

"நன்றி சொல்றாங்க" என்றாள்.

"எனக்கா? எதுக்கு?"